கதைகளைத் தள்ளிவிடலாமா?

"விஞ்ஞானம் படிக்கிறவன் ஊர்க்கதைகளைக் கேட்டுக்கொண்டிருக்கலாமா?" என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். கேட்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. இதற்கு அயர்லாந்து நாட்டிலிருந்து சான்று தருகிறேன்.

அந்நாட்டின் மீத் மாவட்டத்தில் லாக்ரூ என்னும் குன்றுகள் உள்ளன. அவற்றின் உச்சியில், ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் கற்களைக் குவித்துக் கட்டிய சமாதிகள் இருக்கின்றன. சூனியக் கிழவி ஒருத்தி மடி நிறையக் கற்களுடன் குன்றுக்குக் குன்று தாவியபோது சிந்தியவையே அவை என்பது ஊர்க்கதை. அந்த மலைக்கே 'கிழவி மலை' என்றுதான் பெயர்! வேறு சில ஊர்களில், பழைய மண்கோட்டையின் அடியில் உள்ள சுரங்கம் மைல் கணக்கில் நீண்டு எங்கோ முடிகிறது என்பார்கள். ஆராய்ந்து பார்த்தால் பெரும்பாலானவை சில பத்து மீட்டர் நீளமே. ஒளிந்துகொள்ளவும் உணவைச் சேமிக்கவும் வெட்டியவை.

அப்படியானால் கதைகள் எல்லாம் பொய்தானா? அவசரம் வேண்டாம்.

அதே மாவட்டத்தில் நியூகிரேஞ்ச் என்னுமிடத்தில் ஒரு மேட்டுச் சமாதி உள்ளது. வயது 5,200 ஆண்டுகள். ஏதோ ஒரு நாளில் காலைச் சூரியன் அதன் உள்ளறைச் சுருள் கோலத்தைத் தொடும் என்று மக்கள் சொல்லி வந்தனர். அங்கே அகழ்வாய்வு நடத்திய பேராசிரியர் மைக்கேல் ஓ கெல்லி அந்தப் பேச்சைச் சிரித்துத் தள்ளவில்லை. வாசலுக்கு மேல் ஒரு சிறு திறப்பு இருப்பதைக் கண்டார், சிந்தித்தார். 1967 டிசம்பர் 21 அன்று விடியலில் உள்ளே காத்திருந்தார். 19 மீட்டர் நீளப் பாதையைக் கடந்து ஒளிக்கதிர் உள்ளறைக்குள் நுழைந்தது!

பொய்க்கதையும் பயனற்றதன்று. தேவதைகள் குடியிருக்கும் இடம் என்று அஞ்சிக் கை வைக்காததால் அங்கே பல மண்கோட்டைகள் அழியாமல் தப்பின.

1937 முதல் 1939 வரை அயர்லாந்தில் ஏறக்குறைய 5,000 தொடக்கப்பள்ளிகளின் பிள்ளைகள், வீட்டுப் பெரியவர்களிடம் கதைகளைக் கேட்டு எழுதினார்கள். இதை அறிந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரியை மிதித்த முதல் ஆள் நான். கதை சொல்ல வந்த பாட்டியை, "உனக்கு ஒன்றும் தெரியாது" என்று வாயடைத்திருக்கிறேன். சோதிக்காமலே தீர்ப்புச் சொன்னவன் நான்தானே? அது எந்த விஞ்ஞானம்?

தோழர்களே! நம்புவது வேறு, கேட்பது வேறு. எழுதப் படிக்கத் தெரியாதவர் சொன்னாலும் முதலில் கேட்போம், எழுதி வைப்போம், பிறகு சோதிப்போம். வரும் விடுமுறையில் நான் பாட்டியிடமிருந்து தொடங்கப் போகிறேன்.