ஊசி போடுபவரிடம் பதிவு எண் கேட்கலாமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஷிப்டு வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டில் ஒன்றிரண்டு கறவை மாடு வைத்திருப்போர் சுற்றுக் கிராமங்களில் உண்டு. இரவு வீடு திரும்பும்போது மாட்டின் மடி வீங்கியிருந்தால், பையும் ஊசியுமாக வண்டியில் வரும் ஆளைத்தான் கூப்பிடுகிறார்கள். ஊருக்கு அவரும் 'டாக்டர்'தான்!

1984-ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பட்டம் பெற்றுப் பதிவு செய்துகொண்டவரே மருத்துவம் பார்க்கலாம். தடுப்பூசி, காயடிப்பு, புண்ணுக்குக் கட்டுப் போடுதல் போன்ற சிறு பணிகளை மட்டும், சான்றிதழ் படிப்பு முடித்து அரசு அனுமதி பெற்றவர், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். மடிநோய் சிகிச்சை அப்படிப்பட்ட சிறு பணி அல்ல.

அரைகுறை அளவில் ஆன்டிபயாடிக் போட்டால் வீக்கம் வடிந்ததுபோல் தெரியும்; கிருமி முழுதும் சாகாது. அடுத்த முறை அதே மருந்து கேட்காமல் போகலாம். எத்தனை நாள் பாலை ஊற்றக்கூடாது என்று ஊசிக்காரர் சொல்வதில்லை. அந்தப் பால் சங்கத்துக்கும் போகிறது, வீட்டுப் பிள்ளைக்கும் போகிறது. மாடு இறந்துவிட்டால் இன்சூரன்சுக்கு அவர் கையெழுத்தும் செல்லாது.

பழியை விவசாயி தலையில் மட்டும் போடுவது நியாயமல்ல. இரவில் மருத்துவர் கிடைக்காத ஊரில் சட்டம் என்ன செய்யும்? வட்டாரத்துக்கு ஒரு மருந்தகத்திலாவது முறை வைத்து இரவுப் பணி மருத்துவர் இருக்கவேண்டும். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகளையும் கேட்கவேண்டும்.

ஊசி போட வருபவரிடம் பதிவு எண்ணைக் கேளுங்கள். மருந்தின் பெயரையும் பால் நிறுத்தவேண்டிய நாட்களையும் எழுதி வாங்குங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம்.