பாட்டியின் ஞாபகசக்தி

மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக் கொண்டு வீடெல்லாம் தேடுவது; தெரிந்தவரின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வெளியே வர மறுப்பது - ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு இதெல்லாம் சகஜம். "எனக்கும் அந்த மறதி வியாதி வந்துவிட்டதோ?" என்று உடனே கலங்கிவிட வேண்டாம். வயது ஏற ஏற மூளை சற்றே சுருங்குகிறது. பெயர்களைத் தேடி எடுக்க அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. ஆனால் சொல்வளமும் உலக அனுபவமும் லேசில் குறைவதில்லை.

சாம்பாரில் உப்புப் போட்டோமா என்று சந்தேகம் வருவது வேறு. நாற்பது வருஷமாக வைத்த சாம்பாரை எப்படி வைப்பதென்றே தெரியாமல் அடுப்பின் முன் திகைத்து நிற்பது வேறு. இரண்டாவதுதான் வைத்தியரிடம் போக வேண்டிய மறதி.

இந்த விஷயத்தில் உலகத்துக்குப் பாடம் சொன்னவர்கள் சில கன்னிகாஸ்திரீகள். அமெரிக்காவில் மினஸோட்டா ராஜ்யத்திலுள்ள மங்கேட்டோ என்ற ஊரின் மடத்தில், 1986-ம் ஆண்டு டேவிட் ஸ்நோடன் என்ற விஞ்ஞானி ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். நாளடைவில் பல மடங்களிலிருந்து 678 சகோதரிகள் அதில் சேர்ந்தார்கள். அனைவரும் 75 வயதுக்கு மேற்பட்டவர்கள். வருஷந்தோறும் ஞாபகசக்திப் பரீட்சைக்கு உட்பட்டதோடு, இறந்த பிறகு தங்கள் மூளையையே தானம் செய்யவும் சம்மதித்தார்கள். எவ்வளவு பெரிய மனசு, பாருங்கள்!

அவர்களில் ஒருவர் சிஸ்டர் மேரி. எட்டாவது வகுப்புப் படிப்போடு பத்தொன்பதாம் வயதில் ஆசிரியையானவர். வேலை பார்த்துக் கொண்டே படித்து, ஹைஸ்கூல் படிப்பை முடித்தபோது வயது 41! எழுபத்தேழு வயது வரை பாடம் சொல்லிக் கொடுத்தார். 101-வது வயதில் காலமாகும் வரை அவருடைய புத்தி தெளிவாக இருந்தது. ஆனால் அவர் மூளையைப் பரிசோதித்தபோது டாக்டர்கள் பிரமித்துப் போனார்கள். அல்ஸைமர் என்ற மறதி வியாதிக்குரிய படிவுகளும் சிக்குகளும் அதில் ஏராளம்! வியாதி மூளையில் குடியிருந்தும் அவரை வீழ்த்த முடியவில்லை.

வேறு சிலரை மட்டும் அது வீழ்த்தியது ஏன்? ஒரு காரணம் 1997-ல் வெளியாயிற்று. இதே படிவுகள் இருந்தவர்களுள், ரத்தக் குழாய் அடைபட்டு மூளையில் சிறு சேதம் நேர்ந்திருந்தவர்களுக்கே மறதி நோய் மிக அதிகமாகக் கண்டது. ஆகவே இரத்தக் கொதிப்பு மாத்திரையை "இன்றைக்கு ஒரு நாள்தானே" என்று விட்டுவிடுகிறவர்கள் மூளையோடும் விளையாடுகிறார்கள்.

உலகில் உண்டாகும் மறதி நோயில் ஏறக்குறைய 45 சதவிகிதத்தைத் தடுக்கவோ தள்ளிப் போடவோ கூடும் என்று 'லான்ஸெட்' என்ற வைத்தியப் பத்திரிகையின் நிபுணர் குழு 2024-ல் தெரிவித்தது. படிப்பின்மை, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, உடலுழைப்புக் குறைவு, தனிமை, கண் மங்கல், காது மந்தம் ஆகியவை அது குறிப்பிட்ட காரணங்களில் சில. காது கேளாத மாமியார் வீட்டுப் பேச்சிலிருந்து தானாகவே ஒதுங்கிவிடுகிறார். பேச்சு குறையக் குறைய மூளைக்கும் வேலை குறைகிறது. காதுக்கருவி வாங்கும் செலவை வீண் செலவென்று நினைக்காதீர்கள்.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். தைராய்டுக் கோளாறு, பி-12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு இவற்றாலும் மறதி உண்டாகும். இவை சிகிச்சைக்குக் கட்டுப்படுபவை. "வயசாச்சு, அப்படித்தான்" என்று சும்மா இருந்துவிட்டால், சரிப்படுத்தக் கூடியதும் கை நழுவிப் போகும்.

கேட்டதையே மறுபடி கேட்கும் பெரியவரிடம் "இப்பத்தானே சொன்னேன்!" என்று எரிந்து விழுவதால் லாபமில்லை. பதிலை இன்னொரு முறை சொல்லுங்கள். வைத்தியரிடமும் அழைத்துப் போங்கள். நாம் மழலை பேசிய நாளில் ஒரே கேள்விக்கு அவர் எத்தனை தரம் பதில் சொல்லியிருப்பார்! அந்தக் கணக்கை அவர் மறந்திருக்கலாம், நாம் மறக்கலாமா?