பக்திப் படங்களும் நாமும்

தெள்ளாற்றுப் போரில் வென்ற மூன்றாம் நந்திவர்மன்மீது எழுந்தது நந்திக் கலம்பகம். அதனை முற்றும் கேட்பின் உயிர் நீங்கும் என அறிந்தும், தமிழ்ச்சுவையை விடமாட்டாது கேட்டு மாய்ந்தான் அவ்வரசன் என்பது செவிவழிக் கதை. வரலாற்றாசிரியர் அதனை ஒப்பார். ஆயினும், ஆரணிப் பட்டு நெய்யும் தறியோசையிடையே தெள்ளாரில் வளர்ந்த எனக்கு அக்கதை ஓர் அளவுகோலாயிற்று. கேட்போனிடமிருந்து ஒன்றையும் பறித்துக்கொள்ளாத கலை பொழுதுபோக்கேயன்றிப் பிறிதன்று.

பக்தித் திரைப்படங்களை அக்கோலால் அளந்து பார்ப்போம். 1948இல் வெளிவந்த ‘ஞானசௌந்தரி’, வஞ்சனையால் கைகளை இழந்த நங்கைக்குத் தேவமாதா அவற்றை மீண்டும் அருளும் கதை. எம். வி. ராஜம்மாவின் துயரம் கண்டு உருகாதார் அரியர். எனினும் அழுதோர் கண்களைத் துடைத்துக்கொண்டு, வந்தபடியே வீடு திரும்பலாம். 1971இன் ‘அன்னை வேளாங்கண்ணி’யோ அற்புதங்களின் தொகுதி, சரிகை மிகுந்து பாவு மெலிந்த சேலை என்பேன்.

இனி, ஜெமினியார் 1942இல் வெளியிட்ட ‘நந்தனார்’ படத்தை நோக்குக. தண்டபாணி தேசிகரின் இசைக்காகவே அதனைக் காண்போர் பலர். யான் பரிந்துரைப்பது பிறிதொரு காரணம் பற்றி. சேக்கிழார் பெருமான் பாடாத வேதியப் பண்ணையாரைக் கதையுள் புகுத்தியவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அவ்வேதியர் தம் பண்ணையாளின் அடியில் வீழ்தலே கதையின் உயிர். 1935ஆம் ஆண்டுப் படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும், சங்கீத வித்துவான் மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்தனர். இத்தனையும் இருந்தும் தில்லையுள் புகுமுன் நந்தனார் தீயில் மூழ்கவேண்டிற்று! தூய்மை வேண்டியது அவர்க்கோ, வாயிலை அடைத்தார்க்கோ? கதை இதனை வாய்விட்டு வினவவில்லை. காண்போர் வினவாதிருத்தல் அரிது.

சைவ அடியார் படத்தைக் கிறிஸ்தவ மாணவன் புகழ்தல் தகுமோ எனின், தகும். வடக்கன்குளத்துக் கத்தோலிக்க ஆலயத்தில் 1910 வரை சாதியினரைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. பலிபீடம் ஒன்று, அதனை நோக்கியோர் இரு கூட்டத்தார். கல்லறைத் தோட்டத்தைச் சாதி பார்த்துப் பகுத்துள்ள ஊர்கள் இன்றும் நம் நாட்டில் உள. ஆகவே நந்தனாரை வெளியே நிறுத்தியோர் பிறரே என நாம் வாளா அமர்ந்து காண்டற்கில்லை.

சுவிசேஷக் கதையையே வேண்டுவோர், இத்தாலியரான பசோலினி 1964இல் எடுத்த மத்தேயு சுவிசேஷப் படத்தைக் காண்க. அவர் பொதுவுடைமையாளர், தெய்வ நம்பிக்கை அற்றவர். இயேசுவாக நடித்தவர் நம் போன்ற ஒரு மாணவர், ஸ்பெயின் நாட்டினர். முதிய மரியாளாக நடித்தவர் இயக்குநரின் அன்னையார். அப்படத்து இயேசு புன்னகையோடு ஆசி வழங்கி நிற்பவரல்லர். விரைந்து நடப்பவர், வேதபாரகரை முகத்துக்கு நேரே கடிபவர். நம் சுவர்ப் படங்களில் அவரை யான் கண்டதில்லை.

வரும் லெந்து காலத்தில் நம் மாணவர் மன்றத்தார் இவ்விரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் காட்டுவாராக. படம் முடிந்ததும் ஜெபம் செய்து அனுப்பிவிடாமல், அரை மணி நேரமேனும் மாணவரைப் பேசவிடுதல் வேண்டும். எவரேனும் தம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிப் பேசத் தொடங்கின், ஆசிரியப் பெருமக்கள் தடுக்காதிருப்பாராக.