கைக்குப் பழகாத காவல்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, பெரக்கரை நாட்டின் (மலையில் ஊர்களின் தொகுதியை ‘நாடு’ என்பார்கள்) ஏதாவதொரு சிற்றூருக்குள் நடந்தால், மனிதக் குரலுக்கு முன்பே நாயின் குரல் கேட்டுவிடும். யார் வீட்டு நாய் என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். ஆனால், அதன் கழுத்தில் பெரும்பாலும் பட்டையோ கயிறோ இருக்காது. மரவள்ளிக் காட்டில் பன்றி இறங்காமல் பார்ப்பதும், பலாவுக்கு வரும் குரங்கை விரட்டுவதும் அதன் வேலை. கூலி, மிஞ்சிய சோறு.

நாய்களைப் பற்றி நாடு முழுக்க நடக்கும் வாதத்தில் இந்த நாய்க்கு இடமே இல்லை. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களிலிருந்து அவற்றை அகற்றும்படி நவம்பரில் உத்தரவிட்டது. வளர்ப்பு நாய், தெருநாய் என்ற இரண்டே பெட்டிகள்தான் இந்த வாதத்தில் உண்டு. மலை நாய்க்கு வீடு உண்டு, சங்கிலி கிடையாது. அதனால் அது இரண்டு பெட்டியிலும் சேராமல், தடுப்பூசிக் கணக்கிலும் எளிதில் விடுபட்டுப்போகிறது.

தமிழ்நாட்டில் 2024ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. ரேபிஸுக்கு 43 பேர் பலியானார்கள். அறிகுறி தோன்றிய பிறகு இந்த நோயிலிருந்து பிழைப்பது அரிதிலும் அரிது. ஆனால், ஒரு பகுதியின் நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுவந்தால் நோயின் சங்கிலி அறுந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீடு வீடாக, தெருத் தெருவாகச் சென்று ஊசி போட்ட கோவா, 2021இல் ரேபிஸ் கட்டுக்குள் வந்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

அப்படியானால் மலையில் சிக்கல் எங்கே? கால்நடை முகாம் என்றால் மாடும் ஆடும் கயிற்றோடு வந்து நிற்கும். நாய் வராது. அதன் கழுத்தில் முதன்முதலாகக் கயிறு விழுவதே ஊசி நாளில்தான். மிரண்டு துள்ளும், பிடித்த கையையே கவ்வும். “இது புடிபடாதுங்க” என்று வீட்டுக்காரர் விட்டுவிடுவார். சோறு போடும் கைக்கே அடங்காத நாயை, ஊசியோடு வந்தவர் எப்படிப் பிடிப்பார்?

நாய்ப் பயிற்சி என்றதும் கை கொடுப்பதும் பந்து பொறுக்குவதும்தான் நினைவுக்கு வரும். காவல் நாய்க்கு அவை வேண்டாம். தொட விட்டால் போதும். குட்டி பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை அது எதற்கும் எளிதில் பழகும். அந்த நாள்களில் தினமும் சோறு வைத்த கையோடு காதைப் புரட்டி உண்ணி பார்க்கலாம், வாயைத் திறந்து பார்க்கலாம், காலைப் பிடிக்கலாம், பத்து நிமிடம் கயிற்றில் நிறுத்தலாம். மூன்றாம் மாதத்தில் முதல் ரேபிஸ் ஊசி, அதன்பின் மருத்துவர் சொல்லும் தவணையில் ஆண்டுதோறும். பூனையையும் மறக்கக் கூடாது. அதன் கடியிலும் ரேபிஸ் பரவும்.

கடிபட்டால் சுண்ணாம்போ மிளகாய்த்தூளோ அப்பக் கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயம் பெரியவர்களிடம் இன்னும் இருக்கிறது. அந்தப் பழைய மருந்து இந்தியாவில் கைவிடப்பட்டு இருபது ஆண்டுகளாகின்றன. இப்போது அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறைப்படி முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள் என நான்கு தவணைதான், அதுவும் இலவசம். தோல் கிழிந்து இரத்தம் கசிந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத மருந்தும் தேவை.

‘அன்றாடக் கூலியை விட்டுவிட்டு நாயோடு முகாமுக்கு நடக்கச் சொல்வதா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால்தான் முகாம் வாசலுக்கு வர வேண்டும். ஆள்கள் காட்டுக்குக் கிளம்பும் முன், விடியற்காலையில் வர வேண்டும். மலையின் கீழே நாமக்கல்லில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அதன் மாணவர்களோடு, நாயைப் பிடிக்கப் பழகிய உள்ளூர் இளைஞர்கள் இரண்டு பேர் ஒவ்வொரு நாட்டுக்கும் போதும்.

நகரங்களுக்குக் கிட்டாத ஒரு வசதி மலைக்கு உண்டு: எந்த நாய் எந்த வீட்டுடையது என்று ஊருக்கே தெரியும். ஒரு காலைப் பொழுதில் பள்ளிப் பிள்ளைகளே கணக்கெடுத்துவிடுவார்கள். அந்தப் பட்டியலோடு ஊசிப் பெட்டி வாசலுக்கு வரும் நாளில், திண்ணையோரம் ஒரு கயிறும், அதற்குப் பழகிய கழுத்தும் காத்திருக்க வேண்டும்.