அடிக்கல்லுக்கு முன் காணி உறுதி

தோட்டத்தில் வீட்டுத் திட்டம் என்றால் முதலில் பட்டாசு, மாலை, அடிக்கல். எதிர்ப்பு அதற்குப் பிறகுதான் வரும். தேயிலையில் கை வைக்க விடமாட்டோம் என்று நிர்வாகம் மறிக்கும். மாடி கட்டித் தருகிறோம் என்றால் தொழிலாளர் வேண்டாம் என்பார்கள். பக்கத்துத் தோட்டத்தில் லயம் இழந்தவர்களை இங்கே குடியேற்றப் போகிறார்கள் என்று கதை அடிபட்டால், நம் லயத்து ஆட்களே முகம் சுளிப்பார்கள். கொழும்பிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் ஒன்றுதான். வீடு கொடுத்தாலும் வாங்கத் தெரியாத சனம் என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். டயகமவிலிருந்து ஹோல்புரூக் வரை அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டங்களை அறிந்தவர்கள் அப்படிப் பேசமாட்டார்கள். இந்த எதிர்ப்புகளை ஒரே தராசில் போடவே முடியாது.

மாடி வீட்டை எடுத்துக்கொள்வோம். லயங்களை அகற்றி 50,000 மாடி வீடுகள் என்ற பேச்சு 2014ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தோடு வந்தது. மலையகம் அதை ஏற்கவில்லை, ஏற்காதது சரி. பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பிரா, மகனுக்குக் கல்யாணமானால் இஸ்தோப்பை அடைத்து இன்னொரு அடுப்பு, காற்றுக்குத் தகரம் பறக்காமல் கூரைமேல் கல்லும் பழைய டயரும். லயத்துச் சீவியம் இவ்வளவுதான் என்றாலும், பின்பக்கம் நாலு பாத்தி லீக்ஸும் கோவாவும் உண்டு. ஒரு மாட்டுக் கொட்டில் உண்டு. மழைக்கு முன் விறகு அடுக்க இடம் உண்டு. சாவு விழுந்தால் பிரேதத்தை வைத்து உறவு கூடி அழ ஒரு வாசல் உண்டு. மூன்றாம் மாடியில் இவற்றையெல்லாம் எங்கே வைப்பது? பசுவைப் படியேற்ற முடியுமா? மாடி கட்டினால் காணி மிச்சம் என்கிறார்கள். மிச்சப்படும் காணி யாருக்கு என்று மட்டும் சொல்வதில்லை. நிமிர்த்தி வைத்த லயத்துக்கு வீடு என்று பெயர் சூட்டினால் போதாது என்று தொழிலாளி சொன்னால், அது பிடிவாதம் அல்ல.

நிர்வாகங்களின் எதிர்ப்புக்கு அந்த நியாயம் கிடையாது. தோட்டங்கள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு அரசுடைமையாயின. 1992இல் கம்பனிகளுக்கு 53 ஆண்டுக் குத்தகைக்குப் போயின. அதாவது காணிக்காரர் அரசு, கம்பனி குத்தகைக்காரர். தன் காணியில் தன் குடிமக்களுக்கு வீடு கட்ட, காணிக்காரர் குத்தகைக்காரரின் வாசலில் காத்து நிற்கும் அதிசயத்தை மலையகத்தில்தான் காணலாம். கேட்கிற காணிதான் எவ்வளவு? 2017இல் இருந்த கணக்கில் குடும்பத்துக்கு 7 பேர்ச். 160 பேர்ச் ஒரு ஏக்கர். நோர்வூட்டில் 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி அறிவித்த 10,000 வீடுகளுக்கும் சேர்த்து 70,000 பேர்ச். ஏக்கரில் 437 சொச்சம். பாதை, வடிகான், பிள்ளைகள் விளையாட ஒரு மைதானம் என்று இரண்டு மடங்காக்கினாலும் 900 ஏக்கரைத் தொடாது. நாட்டின் தேயிலை இதனால் அழிந்துபோகும் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். சுற்றுலா விடுதிக்குத் தேயிலையை வெட்டும்போது இந்தக் கவலை எங்கே போகிறதோ! அந்த 10,000 வீடுகளின் முதற்கட்டத்துக்கு அடிக்கல் நாட்ட 2024 பெப்ரவரி ஆனது. அறிவிப்பு வந்த ஆண்டில் பிறந்த பிள்ளை அதற்குள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது.

ஒரு விடயத்தில் மட்டும் மறுப்புச் சொல்பவர்களுக்குக் காது கொடுக்க வேண்டும். எந்த மலையில் கட்டுவது என்பதில். நிர்வாகம் விட்டுக்கொடுக்கும் காணி பெரும்பாலும் கொழுந்து வராத சரிவு, இல்லையென்றால் ஆற்றோரப் பள்ளம். ஆக்ரா ஓயா பெருகினால் என்ன ஆகும் என்பதை இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2005இலும் 2011இலும் மண்சரிவு அபாய எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மக்கள் அதே லயங்களில்தான் இருந்தார்கள். 2014 ஒக்டோபர் 29 காலை மலை இறங்கி வந்தது. உயிர் தப்பியவர்களுக்கு வீடு கிடைக்க இரண்டு ஆண்டு பிடித்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அதே பாடத்தை மலைநாடு முழுக்க நடத்திவிட்டுப் போயிருக்கிறது. தேசிய கட்டட ஆய்வு நிறுவனம் பார்த்துச் சரி சொல்லாத இடத்தில் ஒரு கல்லும் வைக்கக் கூடாது. நல்ல தேயிலை நிற்கும் சமதரைதான் பாதுகாப்பானது என்றால், அந்தத் தேயிலையைத்தான் பிடுங்க வேண்டும்.

இனி நம் சனத்தின் எதிர்ப்பு. "அடுத்த தோட்டத்து ஆளுக்கு இங்கே காணி கொடுத்தால் நாளைக்கு என் பிள்ளைக்கு எங்கே?" என்ற கேள்வியைச் சுயநலம் என்று தள்ளிவிட முடியாது. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியை வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்க 1977இல் அரசு முனைந்தபோது தொழிலாளர்கள் குறுக்கே நின்றார்கள். மே 11 அன்று டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டது. குறுக்கே நின்றவர்களில் ஒருவரான சிவனு லெட்சுமணன் மடிந்தார். காணி தப்பியது. அன்று 7,000 ஏக்கரைக் கொடுக்கத் துணிந்த அரசுக்கு, இன்று அதே காணியில் உழைப்பவர்களுக்கு 900 ஏக்கர் கொடுக்கக் கை நடுங்குகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆனால் லெட்சுமணன் எதிர்த்தது யாரை, இன்று நாம் மறிக்கப் பார்ப்பது யாரை? மண் சரிந்து லயம் போனவர்கள், தீ பிடித்துக் காம்பிரா எரிந்தவர்கள். நாம் பெண் கொடுத்து எடுத்த வீட்டுக்காரர்கள். அவர்களுக்கு மலைநாட்டில் இடமில்லை என்று நாமே சொன்னால், வடக்கு கிழக்குக்குப் போகட்டும் என்ற பேச்சுக்கு நாமே வழி திறந்துவிட்டவர்கள் ஆவோம். போகிறவர் விரும்பிப் போனால் அது வேறு கதை. இந்த மறிப்பை நாம் ஆதரிக்கவில்லை. அந்தப் பயத்தின் காரணம் மட்டும் நமக்குப் புரிகிறது. சொந்தக் காம்பிராவுக்கே கையில் ஒரு துண்டு உறுதி இல்லாதவன் பக்கத்தில் எவர் வந்து குந்தினாலும் பயப்படத்தான் செய்வான்.

ஆகவே வரிசையை மாற்ற வேண்டும். இப்போது நடப்பது முதலில் அடிக்கல், பிறகு வீடு, உறுதி எப்போதாவது. வீட்டில் குடியேறி வருடக்கணக்காகியும் உறுதியைக் கண்ணால் காணாத குடும்பங்கள் ஏராளம். முதலில் நில அளவை நடக்க வேண்டும். தோட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் காணி வரைபடத்தில் குறிக்கப்பட்டு, பெண்ணின் பெயரும் சேர்ந்த உறுதி கைக்கு வர வேண்டும். இடம்பெயர்ந்தவர்களுக்கான காணி அதே வரைபடத்தில், எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். தோட்டத்துத் தொழிலாளர் பதிவில் பேர் உள்ளவருக்கு மட்டும்தான் வீடு என்ற கணக்கும் ஒழிய வேண்டும். கொழும்புக் கடையில் நிற்கும் பிள்ளையும் இந்த மண்ணின் பிள்ளைதான்.

அக்கரப்பத்தனைக்கு 2018 முதல் தனிப் பிரதேச சபை இருக்கிறது. தோட்டங்களுக்குச் செலவு செய்யத் தடையாக இருந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவும் அதே ஆண்டில் திருத்தப்பட்டது. இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை. அளவையும் உறுதியும் இல்லாத எந்த அடிக்கல் விழாவிலும் மேடை ஏறமாட்டோம் என்று எல்லாக் கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து அடுத்த சபைக் கூட்டத்திலேயே தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.