காவல் பூச்சிகள் ஒன்றையொன்று தின்றால்

அசுவினியைத் தின்னும் பூச்சிகள் வயலில் எத்தனை வகை கூடுகின்றனவோ அந்த அளவுக்கு அசுவினி குறையும் என்பது உயிரியல் கட்டுப்பாட்டில் பலரும் கேள்வி கேட்காமல் ஏற்கும் கணக்கு. ஆனால், ‘நன்மை செய்யும் பூச்சி’ என்பது நாம் சூட்டிய பெயர். பூச்சிக்கு அது தெரியாது. எட்டும் தூரத்தில் மெல்லிய உடல் ஒன்று கிடைத்தால், அது அசுவினியா, அசுவினியைத் தின்ன வந்த வேறொரு பூச்சியின் புழுவா என்று அது பார்ப்பதில்லை. கலிபோர்னியாவின் பருத்தி வயல்களில் ஜே ரோசன்ஹைம் குழுவினர் கூண்டு அமைத்துச் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு இதை அப்பட்டமாகக் காட்டியது. கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்கள் தனியாக இருந்தபோது அசுவினி அடங்கியது. கொலைகார நாவாய்ப்பூச்சியைச் சேர்த்து விட்டதும் அப்புழுக்கள் அதற்கு இரையாகின. அசுவினி மறுபடி பெருகியது. காவலைக் கூட்டப்போய்க் களவு கூடிய கதை.

கூண்டில் அடைத்தால் எதுவும் எதையும் தின்னும், திறந்த வெளியில் தப்ப வழியுண்டே என்று கேட்கலாம். ஓரளவு நியாயம்தான். ஆனால், அசுவினியை ஒழிக்கவென்றே ஐரோப்பாவில் விற்கப்பட்ட ஆசிய ஹார்லிகுயின் பொறிவண்டு பரவிய ஐந்தாண்டுகளில், உள்ளூர் இரண்டு புள்ளிப் பொறிவண்டு பெல்ஜியத்தில் 30 சதவீதமும் பிரிட்டனில் 44 சதவீதமும் சரிந்தது. உணவுக்கான போட்டியும் இதில் சேர்ந்திருக்கும். ஆனால், அங்கே கூண்டு ஏதுமில்லை. இன்னொன்று: அசுவினி மலிந்திருக்கையில் இப்பூச்சிகள் ஒன்றையொன்று அதிகம் தீண்டுவதில்லை, இரை அருகும்போதுதான் பாய்கின்றன. அசுவினி தலைகாட்டும்போதே இரைவிழுங்கிகளை விடவேண்டும் என்ற நல்ல அறிவுரைக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து அதுதான்.

அதற்காகப் பன்மையே கூடாது என்று சொல்லிவிட முடியாது. லோசி, டென்னோ இருவரும் குதிரைமசால் பயிரில் செய்து 1998-இல் வெளியிட்ட ஆய்வு நேர்மாறான முடிவைத் தந்தது. இலையில் பொறிவண்டு நடமாடினால் அசுவினிகள் தரையில் குதித்துவிடும். அங்கே தரை வண்டு காத்திருக்கும். தனித்தனியே கொன்றதன் கூட்டுத்தொகையைவிட, சேர்ந்து கொன்றது அதிகம். எத்தனை வகை என்பதைவிட, எது எந்த இடத்தில் வேட்டையாடுகிறது என்பதே முக்கியம்.

இவ்வளவு சிக்கல் எதற்கு, மருந்தடித்துவிடலாமே என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. மருந்து இரு தரப்பையும் கொல்லும். ஆண் துணையின்றியே குட்டி போடும் அசுவினிதான் முதலில் மீளும். கலிபோர்னியாவில் பெருகிய அதே பருத்தி அசுவினி தமிழகப் பருத்தியிலும் உண்டு. ஆகவே, இரைவிழுங்கிகளைப் பரிந்துரைப்போர், தனித்தனிப் பூச்சியின் பசியை அளந்து நிறுத்திக்கொள்ளாமல், வயலில் ஏற்கெனவே இருப்பவற்றோடு அது ஒத்துப்போகுமா என்பதையும் சோதித்துச் சொல்ல வேண்டும்.