பொதுச் சட்டகமும் நம் தமிழும்

குத்தாலம் என்று சொன்னவுடன் அருவி கொட்டும் குற்றாலத்தை எண்ணிக்கொள்வோர் பலர். இரண்டோர் எழுத்தின் வேறுபாடு காவிரிக்கரை நெல்வயலைப் பொதிகைச் சாரலுக்குக் கொண்டுபோய்விடுகிறது. 1991க்கு முன் தஞ்சாவூர் மாவட்டம், பின்னர் நாகப்பட்டினம் மாவட்டம், 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டம் என மாறி வந்தது நம் ஊரின் முகவரி. இத்தகைய எளிய செய்திகளையேனும் நம் மொழியில், நம் கையால் அமைத்த இணையப் பக்கமொன்றில் வைக்க நாம் முற்பட்டோமா? இல்லை. அது கணிப்பொறி பயில்வோர் வேலை என்று தமிழ் பயில்வோர் ஒதுங்குகின்றனர். தமிழ் நமக்குப் பாடமன்று என்று கணிப்பொறி பயில்வோர் ஒதுங்குகின்றனர். இவ்விரு ஒதுக்கங்களுக்கிடையே நம் செல்வம் கேட்பாரற்றுக் கிடக்கின்றது. இதனை மாற்றும் முயற்சியைத் தமிழ்த்துறையே தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து.

இணையப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதியை முகப்பு என்பர். உள்ளடக்கத்தை அடுக்கும் எச்.டி.எம்.எல்., தோற்றம் தரும் சி.எஸ்.எஸ்., இயக்கம் தரும் ஜாவாஸ்கிரிப்ட் ஆகிய மூன்றால் அமைவது அது. நூறு நூல்களின் பட்டியலில் ஒரு நூலின் பெயரைத் திருத்த நேர்ந்தால், அப்பெயர் வரும் இடந்தோறும் தேடித் திருத்துதற்கான கட்டளைகளை நாமே எழுதியாக வேண்டும். அச்சுமையை ஏற்றுக்கொள்வதே முகப்புச் சட்டகம். தகவலை ஓரிடத்தில் மாற்றினால் பக்கம் முழுதும் தானே சீராகிவிடும். செங்கல் அச்சினைப் போல, ஒரு பகுதியை ஒருமுறை அமைத்துவிட்டு வேண்டிய இடத்திலெல்லாம் பயன்படுத்திக்கொள்ளவும் இயலும். பேஸ்புக் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ரியாக்ட், இவான் யூ என்னும் தனியொருவர் 2014இல் வெளியிட்ட வியூ ஆகியன இவ்வகையின. இரண்டும் கட்டணமின்றிக் கிடைப்பன. அவற்றின் மூல நிரல் எவரும் படித்துப் பார்க்குமாறு திறந்து வைக்கப்பட்டுள்ளது.

இவ்வாறு பொதுவில் வைத்தல் நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. தம் நிலத்தையோ கட்டடத்தையோ இறைவழியில் வக்ஃபு செய்தவர், அதன் பயன் தமக்குப் பின்னும் பிறர்க்குச் சென்று சேர வேண்டும் என்றே எண்ணினார். கற்றறிந்தோர் தம் உழைப்பில் விளைந்த நிரலைப் பொதுவில் வைப்பதும் அத்தகைய நோக்கத்துக்கு அணுக்கமானதே. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வக்ஃபுச் சொத்துக்குப் பத்திரம் இருப்பதுபோல் நிரலுக்கும் உரிமம் உண்டு. அதனைப் படித்தறிதல் கடமை. ஜி.பி.எல். என்னும் உரிமத்தின்படி, ஒரு நிரலைத் திருத்தி வெளியிடுவோர் தம் திருத்தத்தையும் அதே உரிமத்தில் திறந்து தரவேண்டும். வக்ஃபு வக்ஃபாகவே நிலைத்திருக்கும் முறைக்கு இது நெருக்கமானது. எம்.ஐ.டி. உரிமமோ ஆக்கியோரின் உரிமைக் குறிப்பை நீக்காதிருப்பின், அந்நிரலை மூடிய வணிகப் பொருளுக்குள் வைத்துக்கொள்ளவும் இடந்தருகிறது. வியூவின் உரிமம் இதுவே. ரியாக்டின் பழைய உரிமத்தில் காப்புரிமை பற்றிய ஒரு விதி இருந்தது. அவ்வுரிமம் தம் திட்டங்களுக்கு ஏலாது என அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளை 2017 ஜூலையில் அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ரியாக்டும் எம்.ஐ.டி. உரிமத்துக்கு மாறியது. பத்திரத்தைப் படித்தவர்கள் இருந்தமையால் நேர்ந்த நன்மை இஃது.

இனி, தமிழ் கற்றவர்க்கு இங்கு என்ன வேலை என்று வினவலாம். வேறெவராலும் எளிதில் காணவியலாத பிழையைக் காண்பதே அவ்வேலை. 'நன்மை', 'நபி' என்னும் இரு சொற்களை அகரவரிசையில் அடுக்குமாறு ஜாவாஸ்கிரிப்டிடம் சொன்னால், அது 'நன்மை'யை முன்னும் 'நபி'யைப் பின்னும் வைக்கும். யூனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தையடுத்து, பகரத்துக்கு முன்னே இடம்பெற்றிருப்பதே காரணம். நம் நெடுங்கணக்கிலோ னகரம் மெய்களின் இறுதியில் நிற்பது. ஆதலின் 'நபி'யே முன்வருதல் வேண்டும். அவ்வாறே 'பழம்' என்பதற்கு முன் 'பள்ளி' வந்து நிற்கும். 'மொழி' என்னும் சொல்லுக்கு எழுத்து இரண்டு என்பது சிறுவரும் அறிந்தது. இயந்திரமோ உயிர்க்குறிகளையும் தனித்தனியே எண்ணி நான்கு என்னும். பெயருக்குப் பத்து எழுத்து என எல்லை வகுத்தால் தமிழ்ப் பெயர் பாதியில் அறுபடும். சட்டகம் தன்னிடம் தந்ததைக் காட்டுமேயன்றிச் சரியா தவறா என்று கேளாது. தமிழ் என மொழியைக் குறித்துச் சொன்னால் முறையாக அடுக்கவும் எண்ணவும் வல்ல கருவிகள் ஜாவாஸ்கிரிப்டிலேயே இன்று உள்ளன. ஆனால் பிழை இருக்கிறது என்று அறிந்தவரன்றோ கருவியைத் தேடுவர்!

நமக்கே உரிய வேறொரு பணியும் உண்டு. தமிழை அரபு எழுத்தில், தமிழுக்கே உரிய ஒலிகளுக்குக் கூடுதல் குறிகள் இட்டு எழுதிய அரபுத்தமிழ் நூல்கள் பல. கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அத்துறையின் பேரறிஞர். அந்நூல்களைச் சரளமாக ஓதவல்ல பெரியவர்கள் நம்மிடையே அருகி வருகின்றனர். இடமிருந்து வலம் செல்லும் தமிழையும் வலமிருந்து இடம் செல்லும் அரபு எழுத்தையும் ஒரே பக்கத்தில் நிறுத்த, எழுத்தோடும் திசையைக் குறிக்கும் வசதி எச்.டி.எம்.எல்.லில் உண்டு. பெரியவர் ஓத, மாணவர் இரு வடிவிலும் பெயர்த்தெழுத, மற்றொருவர் பக்கம் அமைத்தால் ஒரு கிதாபு பிழைக்கும். பெரியவர் போன பின் சட்டகம் எத்துணைச் சிறந்ததாயினும் பயனில்லை.

தொடங்கும் முறை கடினமன்று. சட்டகத்தில் நேரே குதித்தலாகாது, எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றின் அடிப்படையையும் முதலில் பயிலுதல் வேண்டும். எழுதும் முதற் பக்கத்திலேயே அதன் மொழி தமிழ் எனக் குறித்துவிடுக. குறிக்காவிடில் பார்வையற்றோர்க்குப் படித்துக்காட்டும் மென்பொருள் எம்மொழியில் ஒலிப்பதென அறியாது தடுமாறும். பின்னர் வியூவை அப்பக்கத்தில் ஒரே வரியால் இணைத்து, சிறு நூற்பட்டியல் ஒன்றை அமைத்துப் பார்க்கலாம். பெரிய நிறுவலொன்றும் தொடக்கத்தில் வேண்டா.

இதற்குப் பணத்தினும் மனமே முதன்மையாக வேண்டுவது. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தன்னார்வலர்களின் உழைப்பாலேயே தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி இலவசமாக வழங்கி வருகிறது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் அதனை முன்னின்று நடத்தினார். தொலைவிலிருந்தோரால் இயன்றது காவிரிக்கரையில் இருக்கும் நமக்கு இயலாதோ?

ஆகவே கல்லூரியில் தமிழ் மாணவர் ஒருவரும் கணிப்பொறி மாணவர் ஒருவரும் இணையாக அமர்ந்து, ஆண்டுக்கொரு நூலையேனும் பக்கமாக்குதல் வேண்டும் என்று முன்மொழிகின்றோம். வாய்க்காலைத் தூர்வார ஊரார் வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்பிய குடிமராமத்து நம் மண்ணின் வழக்கம். பொதுவில் கிடைத்த சட்டகத்தைப் பயன்படுத்தும் நாமும், அதில் தமிழுக்கு நேரும் பிழைகளைத் திருத்தித் தந்து நம் பங்கைச் செலுத்துதலே முறை. நீர் பாய்ச்சிக்கொண்டு மண்வெட்டி எடுக்க மறுப்பவராக நாம் இருத்தலாகாது. அந்நல்லெண்ணத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!